ஓடை வரை பாதை திறந்திருக்கிறது

மார்ச் 16, சனி

காலை மைனஸ் நான்கு, மதியம் பிளஸ் ஆறு. ஏரியைச் சுற்றும் பாதை நன்று. மேல்காட்டுப் பாதை பத்து மணி வரை நன்று, அதன்பின் பனி உருகிக் கஞ்சி.

ஊர் ஸ்கீக் கழகத்தின் இணையப் பக்கத்தில் இதைத்தான் நோர்வே மொழியில் போட்டேன். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் காலை ஏழு மணிக்கு முன் போடுகிறேன். அதிகாலையில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுப் பனியில் ஸ்கீ சறுக்கும் தடம் பதிப்பதும் நான், அது எப்படி இருக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பதும் நான். இங்கே எல்லாரும் ஸ்கீ கட்டிக்கொண்டு பிறந்ததாகப் பீற்றிக்கொள்வார்கள். ஆனால் காலையில் எழுந்து, குலே என்ன எழுதியிருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் சப்பாத்துப் போடுகிறார்கள். குலேந்திரன் என்று முழுதாகச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. பரவாயில்லை.

மத்தியானம் மகள் சாருகா ஒஸ்லோவிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, ஈஸ்டருக்கு நிரோஜனையும் கூட்டிக்கொண்டு வாறன். ஆளோட ஒரு கிழமை பழகிப்போட்டு ஓமோ இல்லையோ சொல்லுங்கோ. பாக்காமச் சொல்லக்கூடாது."

பையன் கணக்கு வாத்தியாராம். பதினைந்து வயதில் இங்கே வந்தவனாம். "எங்கட ஊர்தான் அப்பா!" என்று சந்தோசமாகச் சொன்னாள். அதுதானே சிக்கல் என்று இங்கே பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 17, ஞாயிறு

நான் பிறந்த ஊரில் இருக்கும் சித்தப்பா மகன் நந்தகோபனிடம் விசாரித்தேன். பையனின் தகப்பன் பெயரைச் சொன்னதுமே சிரித்துவிட்டான்.

"அண்ணை, அவன்ர அப்பப்பாவை உங்கட அப்பா கிணத்தைத் தொட விட்டவரே? தள்ளி நிண்டு கையில ஊத்தினதை நான் என்ர கண்ணால பாத்தனான். உங்கட வீட்டுக்கோ இப்ப மாப்பிள்ளை?"

நான் சாதி பார்க்கிறவன் இல்லை. முப்பத்திரண்டு வருடமாக வெள்ளைக்காரரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன். ஆனால் நாலு பேர் சிரிக்கும்படி ஒரு காரியம் நடக்க விடமாட்டேன். இந்தக் கல்யாணம் நடக்காது. மகளே வேண்டாம் என்று சொன்னால் இன்னும் நல்லது.

மார்ச் 19, செவ்வாய்

மைனஸ் இரண்டு, பிளஸ் ஏழு. தெற்குச் சரிவில் புல் தெரிகிறது. இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றினேன். இடது பக்கப் பட்டியில் இரண்டு ஆணி போய்விட்டது.

மேல்காட்டுப் பாதையில் ஆறாவது கிலோமீட்டரில் ஓர் ஓடை. குளிர்காலம் முழுக்கப் பனி அதன்மேல் பாலமாக இறுகிக் கிடக்கும், இயந்திரமே ஏறிப்போகும். மார்ச் கடைசியில் தண்ணீர் அடியிலிருந்து தின்னத் தொடங்கும். மேலே பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. இன்று தடியால் குத்திப் பார்த்தேன். ஓரத்தில் அரை மீட்டர், நடுவில் ஒரு சாண்கூட இல்லை. நிற்காமல் வழுக்கிப் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. நடுவில் நின்றால்தான்.

இயந்திரத்தை இனி அங்கே கொண்டுபோக முடியாது. ஓடைக்கு முன்னால் இரண்டு தடிகளைப் பெருக்கல் அடையாளம்போல நட்டேன். அப்படிக் கண்டால் இந்த நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் திரும்பிவிடும். ஓடை வரை பாதை திறந்திருக்கிறது, அதற்கு அப்பால் மூடல் என்று அறிவித்தேன்.

மார்ச் 23, சனி

வந்துவிட்டார்கள். ஆள் உயரம். வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. வாசலிலேயே என் மனைவி மலரின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். நல்ல பிள்ளையாக நடிக்க யாருக்குத்தான் தெரியாது?

மலர் கோப்பி ஊற்ற நாலு பீங்கான் கோப்பை எடுத்து வைத்தாள். ஒன்றில் வெடிப்பு இருக்கிறது என்று சொல்லி எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கழகத்துக்கு வாங்கிய கடதாசிக் குவளைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி அவன் முன்னால் வைத்தேன். சாருகா குவளையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இதுதான் அங்கிள் பழக்கம். பள்ளிக்கூடத்திலயும் இதுதான்" என்று சிரித்தான். குடித்து முடிந்ததும் தானே எழுந்து கொண்டுபோய்க் குப்பையில் போட்டான். இடம் தெரிந்த பிள்ளைதான்.

மார்ச் 25, திங்கள்

ஏரிப் பாதை நன்று. காலையில் ஐஸ்போல, பதினொன்றுக்குப் பிறகு ஈரம்.

அவனுக்கு ஸ்கீ தெரியாது. இந்த நாட்டுக்கு வந்ததும் இருந்தது பனி தங்காத மழை ஊரில். பள்ளிக்கூடத்தில் ஸ்கீ நாள் வந்தால் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்வானாம். அதை வெட்கமில்லாமல் சொல்லிச் சிரிக்கிறான். என்னுடைய பழைய சோடியைக் கொடுத்து ஏரியில் விட்டேன். பன்னிரண்டு தரம் விழுந்தான். விழ விழ எழும்பினான். சாருகாவும் அவனைத் தூக்கப்போய்த் தானும் விழுந்து, இரண்டு பேரும் பனியில் கிடந்து சிரித்தார்கள். கழகத் தலைவர் ஊட்வார் அந்தப் பக்கம் வந்தவர், "உன் மருமகனா? விழுகிற விதம் நன்றாக இருக்கிறது, பயமில்லை" என்றார். இவரை யார் கேட்டது?

விழுந்தால் அவமானப்பட வேண்டும். இவன் அவமானப்படுகிற மாதிரித் தெரியவில்லை. ஏரியில் சரிவராது.

மார்ச் 26, செவ்வாய்

"எத்தனை நாளைக்கு அப்பா இந்தக் கடதாசிக் குவளை?"

"பீங்கான் குறைவாக் கிடக்குது பிள்ளை."

"அலுமாரியில பதினொண்டு கிடக்கு. எண்ணிப்போட்டுத்தான் வந்து கேக்கிறன்."

பிறகு பக்கத்தில் இருந்து மெல்லச் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறுமொழி வேணும் அப்பா. நீங்கள் ஓம் எண்டால் எனக்குச் சந்தோசம். இல்லையெண்டால் ஏனெண்டு வாய் திறந்து சொல்லவேணும்."

அதைத்தான் சொல்ல முடியாது.

மார்ச் 28, வியாழன்

பூச்சியம். மத்தியானத்திலிருந்து பனி கொட்டுகிறது, ஈரமான பெரிய பூக்கள். இப்போதே ஐந்து சென்ரிமீட்டர். நாளைக்கான அறிவிப்பை முன்கூட்டியே போட்டேன்: ஓடை வரை பாதை திறந்திருக்கிறது. புதுப்பனி விழுவதால் கிளிஸ்டர் பூசவேண்டாம்.

கிளிஸ்டர் என்பது குழாயில் வரும் பசை. உருகி உறைந்த பழைய பனியில் ஸ்கீ பின்னுக்கு வழுக்காமல் பிடிப்பதற்கு அடியில் பூசுவது. புதுப்பனியில் அதைப் பூசிக்கொண்டு போனால் பனி முழுக்க அடியில் ஒட்டி, சாண் உயரத்துக்கு ஏறி, ஆள் பொய்க்கால் கட்டினவன்போல நிற்பான். பத்து அடிக்கு ஒருமுறை நின்று தட்ட வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் நானாகவே சொன்னேன், நாளைக்கு நானும் நிரோஜனும் மட்டும் மேல்காட்டுக்குப் போய்வருகிறோம் என்று. ஆம்பிளைகள் இரண்டு பேர் தனியாகக் கதைத்தால்தானே பழக முடியும்? சாருகா எழுந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து எத்தனை வருடம் என்று ஞாபகமில்லை. உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

சாப்பிட்டபின் கொட்டகைக்குப் போய் அவனுடைய ஸ்கீக்குக் கிளிஸ்டர் பூசினேன். தாராளமாக.

மார்ச் 29, பெரிய வெள்ளி

விபத்து நடந்துவிட்டது. நிரோஜனுக்கு வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நான்தான் தூக்கி வெளியே எடுத்தேன். ஹெலிகொப்டர் வந்தது.

மார்ச் 30, சனி

மைனஸ் ஒன்று, பிளஸ் மூன்று. அறிவிப்பு எட்டு மணிக்குத்தான் போட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை பிந்தியது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஊட்வார் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். இடுப்பளவு குளிர் தண்ணீரில் இறங்கி ஆளைத் தூக்குவதென்றால் சும்மாவா என்றார். ஊர்ப் பத்திரிகையில் போட வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். கழகத்துக்கு ஓர் அறிக்கை மட்டும் எழுதிக் கொடுத்தேன். "நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் உடனே திரும்பினேன்."

மலர் என் தோளுக்கு மேலால் அதை வாசித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 31, ஞாயிறு

மறுமொழி கேட்கிற நாள். சாருகா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கணுக்காலுக்குத் தகடு வைத்திருக்கிறார்களாம். குளிர் உள்ளே போனதால் நெஞ்சிலும் சளியாம்.

ஏப்ரல் 1, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் கதை கட்டக்கூடாது.

ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். முதல் கிலோமீட்டரிலேயே அவனுக்கு அடியில் பனி ஏறிவிட்டது. நின்று தட்டினான், நடந்தான், நின்று தட்டினான். என்ன அங்கிள் இப்படி ஒட்டுது என்று கேட்டான். பழகாத காலுக்கு அப்படித்தான் என்றேன். நான் போட்டிருந்தது பசையோ மெழுகோ தேவையில்லாத ஸ்கீ. ஆறு கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். வியர்த்து ஒழுகினான், ஆனால் திரும்புவோமா என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரும்பியிருப்பேன். வீட்டுக்குக் கூட்டிவந்து, ஏலாதெண்டு சொல்லிப்போட்டான் என்று சாருகாவிடம் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே.

ஓடையில் தடிகளைக் கண்டு நின்றான்.

"அங்கிள், மூடியிருக்கெல்லே?"

"அது வெள்ளைக்காரருக்கு. நட்டவனே நான்தானே. என்ர தடத்தில வா."

நான் ஒரே வழுக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன். நில்லாமல் வா என்று சொன்னேனா என்று இப்போது சரியாக ஞாபகமில்லை. சொல்லியிருப்பேன்.

வளைவு தாண்டியதும் விழுந்த பைன் மரம் ஒன்று கிடக்கிறது. அதில் உட்கார்ந்து கோப்பி நிரப்பிய சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தேன். எனக்குக் கோப்பை, அவனுக்குக் கடதாசிக் குவளை, இரண்டும் கொண்டுவந்திருந்தேன். அப்போதுதான் பனி இடிகிற சத்தம். பிறகு "அங்கிள்" என்று கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்து "குலேந்திரன் அங்கிள்" என்றான், அந்த நேரத்திலும் முழுப் பெயர். அதன்பின் நோர்வே மொழியில் கத்தத் தொடங்கினான். வெள்ளைக்காரர் யாராவது வந்து தூக்குவார்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது.

எழுந்து மரத்துக்குப் பின்னால் நின்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன். தலையும் கையும் தெரிந்தன. தலை தெரிந்தால் பயமில்லை. ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் நடுங்கட்டும், கொஞ்சம் அழட்டும், அழுத முகத்தோடு மகளிடம் கொண்டுபோய் விடுகிறேன் என்றுதான் நினைத்தேன். கோப்பி நல்ல சூடு, அவசரமாகக் குடிக்க முடியாது. கால் கல்லுக்குள் மாட்டிக்கொண்டதை நான் எப்படி அறிவேன்?

சத்தம் நின்ற பிறகுதான் ஓடினேன். அது உண்மை. தண்ணீரில் இறங்கினேன், தூக்கினேன், என் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டேன். இதெல்லாம் உண்மை.

இருபது நிமிடம் இருக்கலாம். கூடினால் இருபத்தைந்து.

ஏப்ரல் 3, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. மலர் சோறு கறி கட்டினாள், பீங்கான் கோப்பை ஒன்றையும் துணியில் சுற்றி வைத்தாள். நான் கார்த் திறப்பை எடுத்தேன்.

மலரும் சாருகாவும் தாதியோடு கதைக்கப் போய்விட்டார்கள். அறையில் நானும் அவனும் மட்டும். உதடு இன்னும் வெடித்துத்தான் இருந்தது.

"நீங்கள் வந்திராட்டில் நான் இல்லை, மாமா."

முதல் தடவையாக மாமா என்றான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தேன்.

நான் எட்டிப் பார்த்தபோது அவன் இந்தப் பக்கம் பார்த்தானா? நான் போட்டிருந்தது சிவப்புச் சட்டை. வெள்ளைப் பனியில் சிவப்பு ஒரு கிலோமீட்டருக்குத் தெரியும், அதற்காகத்தான் கழகம் கொடுத்தது.

ஏப்ரல் 5, வெள்ளி

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கண்டிருக்கிறான். கண்டுவிட்டுத்தான் மாமா என்கிறான். சமயம் பார்த்து வைத்திருக்கிறான், கல்யாணம் முடிந்தபிறகு என்னைக் காலடியில் போட்டு மிதிக்க. இவ்வளவு அமைதியாக இருக்கிற மனிதனை நம்பக்கூடாது. அவன் சொல்வதற்கு முன்னால் நான் முந்த வேண்டும்.

ஏப்ரல் 6, சனி

சாருகா உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தாள். மேசையில் எனக்கு எதிரே உட்காரவைத்து, பக்குவமாகத்தான் தொடங்கினேன்.

"பிள்ளை, அவன் அடிபட்ட ஆள். மயக்கத்தில என்னவும் கண்டமாதிரி இருக்கும். நான் வளைவில நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனான் எண்டு சொன்னானெண்டால், நீ நம்பக்கூடாது."

அவள் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அவன் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை அப்பா. நீங்கள் வந்து தூக்கினீங்கள் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறான். டொக்டருக்கும் அதைத்தான் சொன்னவன்."

"அது சரி, இனிமேல் சொன்னாலும் எண்டுதான்..."

"எந்த வளைவு அப்பா?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"எனக்குச் சத்தம் கேக்கேல்லை."

"சத்தத்தைப் பற்றி நான் கேக்கேல்லையே."

மலர் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றாள். நான் இரண்டு பேருக்கும் விளக்கமாகச் சொன்னேன்: காற்று எதிர்ப்பக்கம், புதுப்பனி சத்தத்தைக் குடித்துவிடும், எனக்கும் அறுபது வயதாகப்போகிறது. எல்லாம் சரியான விளக்கம். சொல்லச்சொல்ல, அவள் என்னை ஊரார் ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஏனெண்டு மட்டும் சொல்லுங்கோ அப்பா. ஒரு தரம். உங்கட வாயால."

ஊரைப் பற்றி, கிணற்றைப் பற்றி, நந்தகோபனின் சிரிப்பைப் பற்றி எதைச் சொல்வது? சொன்னால் இவளுக்கு விளங்குமா? அவள் மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல் நாளே அவனுக்கு விளங்கினது, அந்தக் குவளையோட. அப்பப்பாவின்ர கிணத்துக் கதையை அவன் எனக்குச் சொன்னவன். இரண்டு நாள் பாப்பம், மாறுவார் எண்டு நான்தான் சொன்னனான். காட்டுக்கும் நான்தான் போகச் சொல்லி அனுப்பினனான்."

உடுப்பை எடுக்காமலே போய்விட்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஓமா இல்லையா என்று இன்னும் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 13, சனி

வருடப்பிறப்பு. பிளஸ் ஒன்பது. ஏரியின் பனிக்கட்டி ஓரத்தில் கறுத்துவிட்டது. சாருகாவுக்கு நாலு தரம் தொலைபேசி எடுத்தேன், அவள் தூக்கவில்லை. மலர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு யாரோடோ கதைக்கிறாள். யாரென்று கேட்டால், கோயில் ஆக்கள் என்கிறாள்.

ஏப்ரல் 20, சனி

இந்த வருடத்துக் கடைசி அறிவிப்பு: எல்லாப் பாதையும் மூடல். நன்றி, குலே. நாற்பத்தியொரு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். ஈஸ்டரில் ஓர் உயிரைக் காப்பாற்றியவருக்கு என்று ஒரு கிழவி எழுதியிருக்கிறாள்.

மே 3, வெள்ளி

ஒஸ்லோக் கோயிலில் விசேஷம் என்று மலர் மூன்று நாள் போகிறாள். ஸ்டேசனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டி கல்லாகக் கனத்தது.

"என்ன இவ்வளவு பாரம்?"

"சீலையும் பூசைச் சாமானும்."

ரயிலுக்குள் ஏற்றி, மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டு இறங்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று நாளைக்குச் சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறாள், ஒவ்வொரு பெட்டியிலும் கிழமை எழுதி. நல்ல மனிசி.

மே 6, திங்கள்

மலர் மத்தியானம் வந்தாள். கையில் மருதாணி. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் மறைக்கவில்லை. காலைக்கூடக் கழுவாமல் மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"சாருகாவுக்கு நேற்றுக் கலியாணம் முடிஞ்சுது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தப் பெட்டியை நான்தானே தூக்கி ஏற்றினேன் என்று நினைத்தேன். கூறைச் சீலையா, தாலிச் சாமானா, எதுவோ அதற்குள் இருந்திருக்கிறது. பெற்ற மகளின் கல்யாணத்துக்குச் சுமை தூக்கினவன் நான். கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கடைசியில் வாயில் வந்தது ஒரே ஒரு கேள்வி.

"தகப்பன்ர இடத்தில ஆர் இருந்தது? உம்மட தம்பியோ?"

"ஒருத்தரும் இருக்கேல்லை. எனக்குப் பக்கத்தில கதிரையை வெறுமையா விட்டவை. தம்பி இருக்கிறன் எண்டு வந்தவன். சாருகாதான் வேண்டாம் எண்டவள்."

எவ்வளவு கோபம் இருந்தாலும் பிள்ளை பிள்ளைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"நான் வந்திடுவன் எண்டு பாத்தவளோ?"

"இல்லை" என்றாள் மலர். "ஏன் வெறுமையாக் கிடக்குது எண்டு வாறவை எல்லாரும் கேக்கவேணும் எண்டு. கேட்ட ஒவ்வொருத்தருக்கும் அவளே சொன்னவள். கிணத்தில இருந்து ஓடை வரைக்கும், ஒண்டும் விடேல்லை."

எழுந்து அடுக்களைக்குள் போனாள். எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று கேட்டேன். இருநூற்று இருபது பேர் என்று உள்ளேயிருந்து சொன்னாள்.